குரலும் பெயரும்

1939இல் தொடங்கிய திருச்சி வானொலி 1960களில் ஏடிடி-27 நெல்லைப் பற்றி ஓயாமல் பேசியது. தஞ்சைக் குடியானவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்லு' என்றே பேர் வைத்தார்கள். பெட்டியின் பேர் நெல்லுக்குக் கிடைத்தது. பெட்டிக்குள் பேசின ஆள் யாருன்னு யாரும் கேட்கலை.

முசிறி டீக்கடைகள் வரை எட்டிய இலங்கை வானொலியில் நிலைமை வேறு. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று ஆளுக்கொரு பேர். வர்த்தக ஒலிபரப்புக்கு விளம்பரம் சேர்க்க, தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. அரசுக் குரலுக்கோ ஆள் தெரியக்கூடாது. எனவே, வானொலிக்குப் பின் ஹமீது தமிழகத் தொலைக்காட்சியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியபோது பேரும் கூடவே வந்தது. இங்கே முறைக்கணக்கில் கூலி வாங்கின தற்காலிக அறிவிப்பாளருக்குப் பென்ஷனும் கிடையாது, எடுத்துப்போகப் பேரும் கிடையாது. குரல் நிலையத்தோடது, தொண்டை மட்டும் அவரோடது.