கிருமிகளும் நாமும் – 9: கார் நிக்கோபாரில் ஒரு வேளை மருந்து

மேல் இமையைப் பிடித்து வெளிப்பக்கமாகப் புரட்டினால் உள்ளே இளஞ்சிவப்புச் சவ்வு தெரியும். அதன் நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத வெளிறிய முண்டுகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது டிரக்கோமா. 2010இல் டெல்லி எய்ம்ஸ் கண் மருத்துவக் குழு கார் நிக்கோபார் தீவுச் சிறுவர்களின் இமைகளை இப்படிப் புரட்டிப் பார்த்தது. பாதிப் பேருக்கு மேல் நோய் இருந்தது.

'மெட்ராஸ் ஐ' வந்தால் சில நாள் உறுத்திவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் அது வைரஸ் வேலை. டிரக்கோமாவைக் கொண்டுவருவது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா. சிறு வயதில் திரும்பத் திரும்பத் தொற்றி இமையின் உட்புறத்தைத் தழும்பாக்கும். பல ஆண்டுகள் கழித்து இமை உள்நோக்கிச் சுருண்டு, இமைமுடி கருவிழியை உரச ஆரம்பிக்கும். பார்வை மங்குவது அதன் பிறகுதான்.

இதே கிருமியின் வேறு வகைகள் பாலுறவு வழியாகவும் பரவுகின்றன. ஏ, பி, பிஏ, சி வகைகள் கண்ணுக்கு. டி முதல் கே வரை பிறப்புறுப்புக்கு. டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணு கண் வகைகளில் பழுதாகிக் கிடக்கிறது. பிறப்புறுப்பு வகைகளில் அது இன்னும் வேலை செய்கிறது. சுமார் 900 மரபணுக்களே கொண்ட கிருமியில் இப்படி ஒரு வித்தியாசம்!

சிகிச்சை எளிது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில் அசித்ரோமைசின், ஒரே வேளை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் களிம்பு. ஆனால், நிக்கோபாரிகள் 'தூஹேத்' என்ற பெரிய கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் மறுபடி தொற்றும். ஊரே சாப்பிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை அப்படியே கொடுத்தார்கள். 2013இல் பார்த்தபோது நோயுள்ள சிறுவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

இவ்வளவு மருந்து கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளாதா?

கிளமிடியா இதுவரை அப்படிப் பழகியதாகத் தெரியவில்லை. மனித செல்லுக்குள் மட்டுமே பெருகும் கிருமி என்பதால், மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து எதிர்ப்பு மரபணுவை வாங்கும் வாய்ப்பு அதற்குக் குறைவு. மனிதர்களின் கிளமிடியாவுக்கு நெருங்கிய உறவான பன்றிக் கிளமிடியாவோ டெட்ராசைக்ளின் எதிர்ப்பைப் பெற்றுவிட்டது. அமெரிக்கப் பண்ணைகளில் அதைக் கண்டார்கள்.

சிக்கல் வேறிடத்தில். விழுங்கிய மாத்திரை இமையோடு நிற்பதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவையும் தாக்குகிறது. எத்தியோப்பியாவில் டிரக்கோமாவுக்காக அடிக்கடி ஊர் முழுக்க அசித்ரோமைசின் கொடுத்த கிராமங்களில், சிறுவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் மூக்கில் அந்த மருந்துக்கு அடங்காத நிமோகாக்கஸ் இருந்தது. மருந்து தொடங்குமுன் நூற்றுக்கு நான்கு பேரிடம்கூட இல்லை. கொடுப்பதை நிறுத்தியதும் எதிர்ப்பு குறையத் தொடங்கியது.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளில் நோய் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் ஊர் முழுக்க மருந்து தருவது நிற்கும். முகம் கழுவுவதும் சுத்தமான கழிப்பறையும் தொடரும். 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் டிரக்கோமாவை ஒழித்த நாடாக இந்தியாவை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. நோய் திரும்புகிறதா என்ற கண்காணிப்பு அதற்குப் பிறகும் உண்டு.

அடுத்த வாரம்: 2023இல் அமெரிக்காவைக் கலங்கடித்த கண் சொட்டு மருந்தும், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத சூடோமோனாஸும்.

(தொடரும்)