தண்ணீர் நின்ற பிறகு குழாய்க்குள் நடப்பது

தாராவி தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்துகளில் தண்ணீர் விடும் நேரத்தில் குழாயிலிருந்து முதலில் வருவது காற்று. அடுத்துக் கலங்கலாகக் கொஞ்சம் வரும். பிறகுதான் தெளிந்த நீர். அனுபவசாலிகள் அந்தக் கலங்கலைக் குடத்தில் பிடிப்பதில்லை. அறிவியலும் அவர்கள் பக்கம்தான்.

மும்பைக்கு விஹார், துளசி, தான்சா, பாட்சா, வைதர்ணா உள்ளிட்ட ஏழு நீர்நிலைகளிலிருந்து நாளொன்றுக்கு 380 கோடி லிட்டருக்கும் மேல் வருகிறது. பெரும்பகுதி பாண்டுப்பிலும் பஞ்ச்ராபூரிலும் அழுக்கைப் படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்பப்படுகிறது. அந்தக் குளோரினில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நம் குழாய் வரை மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500. லேசான மருந்து வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள். காவல் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

ஆபத்து சப்ளை நின்ற பிறகு தொடங்குகிறது. அழுத்தத்தோடு நீர் ஓடும்வரை, குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளிருப்பது வெளியே கசியும். வெளியிலிருப்பது உள்ளே வராது. வால்வை மூடியதும் மிச்ச நீர் பள்ளத்தை நோக்கி வடிகிறது. காலியாகும் குழாய் உறிஞ்சத் தொடங்குகிறது. தாராவியில் எத்தனையோ இணைப்புக் குழாய்கள் சாக்கடையை ஒட்டியே போகின்றன. விரிசலைச் சுற்றி நிற்பது எதுவோ அது உள்ளே போகும். குழாயில் நேரடியாக மோட்டார் பூட்டினால் இந்த உறிஞ்சல் இன்னும் கடுமையாகும். அழுத்தமே இல்லாத சந்தில் மோட்டார் வைப்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவர் இழுப்பது பக்கத்து வீட்டுக் குடத்துக்கும் போகிறது.

கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாடில் எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் நாள் முழுதும் தண்ணீர் வரும் பகுதிகளையும் விட்டுவிட்டு வரும் பகுதிகளையும் ஒப்பிட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். விட்டுவிட்டு வந்த இடங்களில்தான் மலக்கிருமி மிக அதிகமாக அகப்பட்டது.

மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களில் இதே நீர் தரையடித் தொட்டியிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் தங்கி வருகிறது. மூடி உடைந்த தொட்டி ஒன்று போதும், வந்த குளோரின் வீணாக. அங்கே சுத்திகரிப்புக் கருவி விற்பனையாளர் டிடிஎஸ் மீட்டரை நீட்டி எண்ணைக் காட்டுவார். அது கரைந்த உப்பைத்தான் அளக்கும், கிருமியைக் காட்டாது. ஏரி நீரில் உப்பும் குறைவு. ஆர்ஓ கருவியின் விளம்பரத்தை நம்பி அவசரப்பட வேண்டியதில்லை.

கிருமியைத் தேட மலிவான வழி ஒன்று நம் நாட்டிலேயே பிறந்தது. குவாலியரின் பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகத்தைச் சேர்ந்த மஞ்சாவும் சகாக்களும் 1982-இல் வெளியிட்ட சோதனை அது. மருந்து தோய்த்த காகிதத் துண்டு உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி வைத்துவிட வேண்டும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பல ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். அது மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து கரிய இரும்பு சல்ஃபைடாகும். ஓரிரு நாளில் நீர் மையாய்க் கறுத்தால் சந்தேகம் வலுப்படுகிறது. தனிச் சூட்டுப்பெட்டி வேண்டாம், மும்பை வெக்கையே போதும். கறுக்காவிட்டால் எல்லாம் சுத்தம் என்று இது சான்று தராது. கறுத்தால் அலட்சியம் கூடாது. காரணம் தெரிந்து சரியாகும்வரை குடிக்கும் நீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடிவைத்து, கை படாமல் கரண்டியால் மொண்டு குடியுங்கள்.

ஒரு வீட்டில் மட்டும் சோதிப்பதைவிட நாலைந்து வீட்டார் சேர்ந்து, தண்ணீர் வரும்போதே குழாயடியில் ஒரு புட்டி, சேமித்த டிரம்மிலிருந்து ஒரு புட்டி என்று எடுத்தால் பலன் அதிகம். டிரம் புட்டி மட்டும் கறுத்தால் வீட்டுக்குள் கழுவ வேண்டியது இருக்கிறது. சந்தின் குழாயடிப் புட்டிகள் வரிசையாகக் கறுத்தால் விரிசல் தெருவில் இருக்கிறது. அந்தப் புட்டிகளையே எடுத்துக்கொண்டு மாநகராட்சி வார்டு அலுவலகத்துக்குப் போகலாம்.