கணுக்காலில் கருமை படர்தல்

தவணை தவறிய அங்கத்தினர்களை விசாரிக்குமிடத்து, "காலில் புண், வேலைக்குப் போகவில்லை" என்னும் சமாதானம் அடிக்கடி காதில் விழுகிறது. திருத்தங்கல் குன்றின்மேல் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறார். குன்றின் அடியில் அச்சாபீஸிலும் கடையிலும் ஓட்டலிலும் நம்மவரிற் பலர் நாள் முழுவதும் நின்றே பிழைக்கின்றனர். ஆகையால் இவ்விஷயத்தை யாவரும் அறிதல் நலம்.

பாதத்துக்கு இறங்கிய இரத்தம் இருதயத்துக்கு மேல்நோக்கித் திரும்பவேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி அதனைத் தள்ளுகிறது. சிரை என்னும் இரத்தக் குழாய்களிலுள்ள சிறு கதவுகள் அது மீண்டும் கீழிறங்காமல் தடுக்கின்றன. கிணற்றுப் பம்பின் அடிவால்வு பழுதானால் ஏறிய நீர் திரும்ப விழுவதுபோல, இக்கதவுகள் கெட்டால் இரத்தம் கீழே தேங்கும். நெடுநேரம் அசையாது நிற்றல், பல பிரசவங்கள், உடற்பருமன், வயோதிகம், குடும்பவழி ஆகியவை இதற்கு ஏதுவாகும். ஜனங்கள் இதனை 'நரம்பு சுருட்டல்' என்பர். சுருண்டு புடைப்பது நரம்பன்று, சிரையே.

முதலில் மாலையில் கால் கனத்து வீங்கும். பின்பு சிவப்பணுக்கள் குழாய்க்கு வெளியே கசிந்து சிதைய, அவற்றின் இரும்புச் சத்து சருமத்தில் தங்கி, உட்கணுக்காலைச் சுற்றிப் பழுப்பு நிறம் படரும். இது அழுக்கன்று, தேய்த்தாற் போகாது. அரிப்பும் செதிலும் உண்டாகும். நாளடைவில் தோல் பலகைபோல் இறுகும். அந்நிலையில் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகிப் பல மாதம் கூலியைக் கெடுக்கும்.

ஆதலால் கருமை தோன்றியவுடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். 2022-ம் வருஷம் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது. உணர்ச்சியற்ற தேமல் வேறு வியாதியாகலாம். அதையும் வைத்தியரே பார்த்துச் சொல்லவேண்டும். சொறிதலும், சுண்ணாம்பு, பச்சிலை முதலியன அப்புதலும் கூடா. அழுத்தக் கட்டே முக்கிய சிகிச்சை. ஆயினும் பாதத்துக்கு இரத்தம் நன்றாக வருகிறதா என்று வைத்தியர் சோதித்த பின்னரே கட்டவேண்டும். நீரிழிவுள்ளோரும் புகைபிடிப்போரும் இதில் விசேஷ ஜாக்கிரதையாயிருக்கவேண்டும். படுக்கும்போது கால்களை நெஞ்சுக்குமேல் உயர்த்தி வைப்பதும், நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவதும், தினமும் நடப்பதும் நன்மை தரும். புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால், உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் அளிக்கவேண்டுமென்று நம் மாகாணத்தில் 2021-ல் சட்டத் திருத்தம் செய்யப்பட்டது. ஆசனம் கேட்பது சோம்பலன்று. சங்கக் காரியதரிசிகள் அடுத்த கூட்டத்தில் இதனைப் படித்துக் காட்டுவார்களாக.