திடீர் சிசு இறப்பு

திடீர் சிசு இறப்பு என்பது, நலமாக இருந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை எதிர்பாராமல் இறந்து, பிணக்கூறாய்வு, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாற்று ஆய்வு ஆகியவற்றுக்குப் பின்னரும் காரணம் கண்டறியப்படாத நிலை ஆகும். பெரும்பாலும் உறக்கத்தில் நிகழ்வதால் இது தொட்டில் மரணம் எனவும் அழைக்கப்படுகிறது. இரண்டு முதல் நான்கு மாத வயதுக் குழந்தைகளிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

காரணங்கள்

1994ல் முன்வைக்கப்பட்ட கருதுகோளின்படி, இயல்பிலேயே நலிவுள்ள குழந்தை, வளர்ச்சியின் இடர்மிகு பருவத்தில், குப்புறக் கிடத்தல், மிகு வெப்பம் போன்ற புறக்காரணிக்கு உள்ளாகும்போது இறப்பு நேர்கிறது. முதல் இரண்டையும் பெற்றோரால் மாற்ற இயலாது. மூன்றாவதை மாற்ற இயலும். தடுப்பூசி இதற்குக் காரணமன்று என ஆய்வுகள் காட்டுகின்றன. ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசிகள் இதே பருவத்தில் போடப்படுவதால் அத்தகைய ஐயம் எழுகிறது.

வரலாறு

ஒரு காலத்தில் மேலைநாடுகளில் குழந்தையைக் குப்புறக் கிடத்துமாறு நூல்கள் அறிவுறுத்தின. அதன் தீங்கை, 1970 வரையிலான ஆய்வுகளை முறையாகத் தொகுத்திருந்தாலே அறிந்திருக்கலாம் என 2005ல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பிரித்தானியாவில் 1991லும் அமெரிக்காவில் 1994லும் மல்லாந்து கிடத்தும் பரப்புரைகள் தொடங்கின. அமெரிக்காவில் 1992ல் ஆயிரம் பிறப்புக்கு 1.2 ஆக இருந்த இறப்பு வீதம் 2001ல் 0.56 ஆகக் குறைந்தது.

தடுப்பு முறைகள்

* ஒவ்வோர் உறக்கத்தின்போதும் குழந்தையை மல்லாந்து கிடத்துதல். கக்கிய பால் மூச்சுக்குழாயில் புகும் என்ற அச்சம் தேவையற்றது. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே அமைகிறது.
* உறுதியான, சமதளமான படுக்கையில், தலையணையின்றிக் கிடத்துதல்.
* தாயின் அறையிலேயே, தனிப் படுக்கையில் உறங்கச் செய்தல்.
* தாய்ப்பால் ஊட்டல். புகையிலைப் புகையைத் தவிர்த்தல்.

தமிழ்நாட்டுச் சூழல்

தூளி, ஏணை எனப்படும் சேலைத் தொட்டில் சமதளமானதன்று. அதில் குழந்தையின் தாடை மார்பில் படிந்து மூச்சு தடைபடலாம். துணி முகத்தில் மடியவும் கூடும். ஆகவே குழந்தை உறங்கியபின் சமதளத்திற்கு மாற்றுவது நல்லது.

சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காடு, அதனருகிலுள்ள கரடியூர் போன்ற ஊர்களில் மார்கழி, தை இரவுகள் குளிர் மிகுந்தவை. அங்கு தளர்வான கம்பளியால் முகம் மூடுவதும், அளவுக்கு மீறிப் போர்த்துவதும் இடரானவை. உடலோடு பொருந்திய ஆடைகளை அடுக்காக அணிவிப்பதே தகும். குழந்தையின் கைகால்கள் சில்லென்றிருப்பது இயல்பு. வெப்பத்தை மார்பிலோ பிடரியிலோ தொட்டு அறிய வேண்டும்.

இந்தியாவில் 2011ல் தொடங்கப்பட்ட வீட்டுவழிப் பச்சிளங்குழந்தை பராமரிப்புத் திட்டத்தின்கீழ் ஆஷா பணியாளர்கள் 42 நாட்கள் வரை வீடுகளுக்குச் செல்கின்றனர். இடர்மிகு பருவம் அதன்பின்னரே வருகிறது. எனவே தாய், பாட்டி உட்படக் குழந்தையை உறங்கவைக்கும் அனைவரும் இம்முறைகளை அதற்கு முன்பே அறிந்திருத்தல் இன்றியமையாதது.