மோட்டார் வண்டியின் முன்விளக்கைத் திறத்தலும் மீள மூடுதலும்

கிருஷ்ணகிரியிலிருந்து வேப்பனப்பள்ளி வழியாய் எல்லைப்புறம் நோக்கி இரவில் வண்டி செலுத்தியவர்கள் இக்கட்டுரைக்கு முகவுரை வேண்டார். பகலில் மாந்தோப்புகளினூடே இனிதாய்ச் செல்லும் அப்பாதை, இருள் சூழ்ந்தபின் வேறொன்றாய் மாறிவிடுகின்றது. விளக்கில்லாத மாட்டு வண்டி, ஆலைப் பணி முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புவோர், சிற்சில காலங்களிற் காட்டினின்றும் இறங்கும் யானை ஆகிய யாவும் நம் வண்டியின் ஒளியெல்லைக்குள் வந்த பின்னரே கண்ணுக்குப் புலனாகும். அவ்வொளி மங்கின் ஆபத்து நமக்கு. அளவு மீறின் எதிரே வருவோர்க்கு. இவ்விரண்டிற்கும் இடங்கொடாது முன்விளக்கைச் செப்பனிடுவது எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்த பொருள்.

நம் மாணவர்களுள் இயந்திரங்களிற் பற்றுடையார் சிலர், விடுமுறை நாட்களில் ஹெட்லைட்டை வீட்டிலேயே பிரித்து, உள்ளே கறுப்புச் சாயம் பூசியும், புதிய ஒளிவில்லை பதித்தும், மீண்டும் ஒட்டி மாட்டிக்கொண்டு வருகின்றனர். கைவேலை செய்யக் கூசாத அம்மனப்பான்மை போற்றத்தக்கதே. ஆயினும், அவ்விளக்குகளுள் பல முதல் மழையிலேயே நீர்த்தொட்டிகளாய் மாறுவதையும், வேறு சில எதிரே வருவோரைக் குருடராக்குவதையும் கண்டமையால் இதனை எழுதத் துணிந்தோம்.

முற்காலத்தில் விளக்கைத் திறப்பதென்பது ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. கால்சியம் கார்பைடின்மேல் நீர் சொட்டுச் சொட்டாய் விழ, அதனால் எழும் அசிட்டிலீன் வாயு எரிந்து ஒளிதந்த நாட்களில், வண்டிக்காரர் நாள்தோறும் விளக்கைத் திறந்து சாம்பலைக் கொட்டித் துடைத்தனர். 1912-இல் காடிலாக் வண்டி மின்சாரத்தாற் கிளம்பவும் ஒளிரவும் தொடங்கியபின் அவ்வேலை குறைந்தது. 1940-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளோடு அமெரிக்காவில் கண்ணாடியும் பிரதிபலிப்பானும் இழையும் ஒன்றாய் மூடப்பட்ட விளக்கு வந்தது. கெட்டுப்போயின் முழுவதையும் எறிந்துவிட்டு வேறொன்று மாட்டவேண்டியதே. நம் நாட்டில் அம்பாஸடர் வண்டியின் 7 அங்குல வட்ட விளக்கைக் கழற்றி மாட்டாத மெக்கானிக் இருந்திரார். 1984-ஆம் ஆண்டு மாதிரி லிங்கன் வண்டி முதலாக, வண்டியின் முகத்திற்கேற்ப வளைந்த பாலிகார்பனேட் முகப்புடைய விளக்குகள் அமெரிக்காவிற் பரவின. கண்ணாடியைவிட இலேசானதும் எளிதில் உடையாததுமான அப்பொருளுக்கு ஒரு குறையுண்டு. வெயிலிலுள்ள ஊதாக்கடந்த கதிர்களால் அது மஞ்சளாகும். அதனைத் தடுக்கப் பூசப்பட்ட மேற்பூச்சு தேய்ந்தவுடன் முகப்பு பூனைக்கண் படர்ந்தாற்போல் மங்குகின்றது.

ஆதலின் விளக்கைத் திறக்குமுன் அன்பர்கள் கேட்டுக்கொள்ளவேண்டிய முதற் கேள்வி, திறக்கத்தான் வேண்டுமோ என்பதே. மஞ்சள் நிறம் பெரும்பாலும் வெளிப்புறத்தது. நகத்தால் வெளியே கீறினால் சொரசொரப்பாயிருப்பின், நீரில் நனைத்த நுண்மணற்காகிதத்தால் 800-ஆம் எண்ணில் தொடங்கி 2000, 3000 வரை படிப்படியாய்த் தேய்த்து, மெருகிட்டு, கதிர்தடுப்புப் பூச்சும் பூசினாற் போதும். அப்பூச்சைப் பூசாது விடுவோர் சில திங்களிலேயே மீண்டும் அதே வேலையைச் செய்ய நேரும். உட்புறத்தில் மெல்லிய பனி படிவதும் குற்றமன்று. விளக்கு எரியும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளிச்செல்லும். அணைந்து குளிரும்போது வெளிக்காற்றை இழுக்கும். இம்மூச்சிற்கெனவே பின்புறத்தில் சிறு துளைகளை அமைத்திருக்கின்றனர். சிறிது நேரம் எரித்தவுடன் மறையும் பனி இவ்வழி வந்தது. அடியில் நீர் தேங்கியிருப்பினும், பிரதிபலிப்பான் கறுத்திருப்பினும் மட்டுமே திறக்கலாம்.

திறப்பதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அதனை விட்டுவிடுவோரே மிகுதி. சமதரையில், சுவருக்கு எதிரே 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தித் தாழ்ந்த ஒளியை ஏற்றி, அதன் மேல்விளிம்பு சுவரில் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டு வைக்கவேண்டும். அதன்பின் பாட்டரி இணைப்பை நீக்கி, விளக்கைக் கழற்றி, பல்புகளையும் இரப்பர் மூடிகளையும், விளிம்பிலுள்ள திருகாணிகளையும், கிளிப்புகளையும் அகற்றுக. செனான் விளக்காயின், அதனை மூட்டும் கருவி 20,000 வோல்ட்டுக்கு மேலும் எழுப்புவதாகலின், பழக்கமில்லாதார் கைவைத்தலாகாது.

முகப்பையும் கூட்டையும் இணைக்கும் பசை இருவகைத்து. ஒன்று பியூட்டைல் எனப்படும் கருநிறப் பிசின், சூட்டில் இளகும். மற்றொன்று இறுகிப்போன பாலியுரித்தேன் போன்ற பசை. அது சூட்டிற்கு மசியாது. அத்தகையதைக் கத்தியிட்டு நெம்புவோர் முகப்பையே பிளந்துகொள்வர். பியூட்டைலாயின், ஓவன் என்னும் மின்னடுப்புப் பெட்டியை 100 பாகை சென்டிகிரேடுக்கு அண்மையில் முன்னரே சூடாக்கி, பலகையின்மேல் விளக்கை வைத்து, பெட்டியின் சுவரோ சூட்டுக்கம்பியோ தொடாதவாறு 5 முதல் 10 நிமிடம் விடுக. ஓவன் இல்லாதார் ஹீட் கன்னால் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுவர். ஓரிடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் உருகிப்போம். அடுப்பு நெருப்பில் காட்டுவதை மறந்தும் செய்யற்க. இளகியபின் ஒரு மூலையிலிருந்து சிறிது சிறிதாய்ப் பிரிக்கவேண்டும். பிசின் நூல் நூலாய் நீளும். அவசரப்பட்ட எம் முதல் முயற்சியில் ஒரு தாங்குகாது முறிந்துபோயிற்று. பிழை முற்றும் எம்முடையதே.

திறந்தபின் பிரதிபலிப்பானை விரலாலும் தொடலாகாது. வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைத்த அலுமினியத்தின் மெல்லிய படலமே அது. துணியால் ஒருமுறை துடைத்தால் அழியாத கீறல் விழும். முகப்பின் உட்புறத்தைச் சோப்பு நீராலன்றிப் பெட்ரோலாலோ தின்னராலோ கழுவற்க. அவை பாலிகார்பனேட்டில் நுண்வெடிப்புகளை உண்டாக்கும். உள்ளே சாயம் பூச விரும்புவோர் அது முழுதும் உலர்ந்து மணம் நீங்கும்வரை பொறுக்கவேண்டும். பொறாதார், விளக்கின் சூட்டில் ஆவி எழுந்து முகப்பெங்கும் படிந்து, மரக்காலின்கீழ் வைத்த விளக்கைப்போல் ஆகக் காண்பர்.

மூடுதலே இவ்வேலையின் உயிர்நிலை. பழைய பிசினின்மேலேயே புதியதை அப்பி மூடுதல் வழக்கமாயிருக்கின்றது. எம் விளக்கில் நீர் புகுந்ததும் அவ்வாறு செய்தமையாலேயே. பழையதை மறுபடி சூடேற்றிப் பள்ளத்தினின்றும் முழுதும் சுரண்டியெடுத்து, புதிய பியூட்டைல் கயிற்றை இடைவெளியின்றிப் பதித்து, இருபகுதிகளையும் சேர்த்து, மீண்டும் சூடேற்றி இறுக்கி, கிளிப்புகளையும் திருகாணிகளையும் பூட்டிக் குளிரவிடுக. சிலர் கடையில் கிடைக்கும் ஏதேனும் ஒரு சிலிக்கோனைத் தடவுகின்றனர். புளிக்காடி நாற்றமுடைய சிலிக்கோன் உலரும்போது வெளியிடும் அசிட்டிக் அமிலம் பிரதிபலிப்பானைக் கெடுக்கும். அந்நாற்றமில்லாத நடுநிலை வகையே ஏற்றது. மூச்சுத்துளைகளை அடைத்துவிடலாகாதென்று தனியே சொல்லவேண்டுவதில்லை, ஆயினும் அடைக்கின்றார்கள்.

இனி, ஒளியையே மாற்றுவோரைப்பற்றி. எச்-4 என்னும் பல்பின் தாழ்ந்த ஒளிக்குரிய இழை, பிரதிபலிப்பானின் குவியத்திற்குச் சற்று முன்னே நிற்கின்றது. அதன் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்றிருத்தலால், ஒளி மேற்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்புகின்றது. இழை நின்ற இடத்தினின்றும் சிறிது விலகினாலும் அவ்வொழுங்கு குலையும். அதே குழியில் பொருந்தா எல்.இ.டி. பல்பைச் செருகுவோர், ஒளி கூடிற்றென மகிழ்கின்றனர். கூடிய ஒளி சாலையில் விழாமல் எதிரியின் கண்ணில் விழுவதை அறியார். குவிவில்லையுடைய புரொஜெக்டரைப் பொருத்துவோர் மற்றொன்றும் நோக்கவேண்டும். நாம் சாலையின் இடப்புறம் செல்வோர். ஆதலின் நம் விளக்கின் ஒளிவிளிம்பு, ஓரத்தில் நடப்பாரைக் காட்டும்பொருட்டு இடப்பக்கத்தில் சிறிது உயர்ந்திருக்கும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கென ஆக்கப்பட்டதை மாட்டினால், உயர்ந்த பக்கம் எதிரே வரும் லாரிக்காரரின் முகத்தில் பாயும். மாம்பழக் காலத்தில் இரவெல்லாம் லாரிகள் ஓடும் இவ்வெல்லைச் சாலைகளில் அதன் பயனை எழுதிக்காட்ட வேண்டுவதில்லை.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 106-ஆவது, வண்டிக்கு 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்திற் கண்ணுடையானைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டுமென்கின்றது. நம் ஊர்ப்புறங்களில் விளக்கின் நடுவே ஒட்டும் கறுப்புப் பொட்டும் இக்கருத்தினின்றே பிறந்தது. எனினும் பொட்டு ஒளியைக் குறைக்குமேயன்றித் திசை திருப்பாது.

மாட்டிய விளக்கை மீண்டும் அதே சுவரெதிரே, அதே 10 மீட்டரில் நிறுத்திப் பழைய சுண்ணாம்புக் கோட்டோடு ஒப்பிடுக. கோடிடாது விட்டவர்கள், விளக்கின் நடுவுயரத்தினும் ஒளிவிளிம்பு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழும்படி பின்புறத் திருகாணியைத் திருப்பிக்கொள்ளலாம். செலுத்துபவர் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். அதன்பின் குழாய் நீரை விளக்கின்மேல் நன்றாய்ப் பாய்ச்சி, அரைமணி நேரம் எரியவிட்டு அணைத்து, மறுநாட்காலையில் உள்ளே நோக்குக. துளி காணப்படின் அதே விளிம்பை மறுபடி சூடேற்றவேண்டியதே; மேலே பசை பூசி அடைப்பதாற் பயனில்லை.