இன்டர்நெட் வருகிறது, பக்கத்துக் கணினி வரவில்லை!

நான்கைந்து கணினி, ஒரு பிரிண்டர் என்று இயங்கும் ஆடிட்டர் அலுவலகத்திலோ டிடிபி சென்டரிலோ நெட்வொர்க்கைக் கவனிக்கத் தனியாக ஆள் வைத்திருக்க மாட்டார்கள். இணைப்பு அறுந்தால், சர்வீஸ்காரர் வரும்வரை வேலை நிற்கும். வந்தவர் செய்யும் முதல் காரியம் ஃபயர்வாலை அணைப்பது என்றால், அவரைத் தடுக்கவாவது இந்த விளக்கங்கள் உதவும்.

எல்லாக் கணினியிலும் இன்டர்நெட் வருகிறது. பக்கத்து மேஜைக் கணினியை மட்டும் பிடிக்க முடியவில்லை. இது எப்படி?

இன்டர்நெட்டுக்கு ஒவ்வொரு கணினியும் ரூட்டரை எட்டினால் போதும். ஒன்றையொன்று எட்ட வேண்டிய அவசியமே இல்லை. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, இரண்டு கணினிகளின் ஐபி முகவரியையும் பாருங்கள். ஒன்று 192.168.1.5, மற்றது 192.168.0.7 என்று இருந்தால் பாதிச் சிக்கல் பிடிபட்டுவிட்டது. இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

நம் ஊர்களில் இதற்கு வழக்கமான காரணம் இரண்டாவது ரூட்டர். ஃபைபர் கனெக்‌ஷனோடு தரும் மோடத்திலேயே வைஃபை ரூட்டரும் இருக்கிறது. ‘உள்ளறையில் சிக்னல் எடுக்கவில்லை’ என்று இன்னொன்றை வாங்கி, மோடத்திலிருந்து வரும் கேபிளை அதன் ‘வான்’ போர்ட்டில் செருகுகிறோம். அது தனக்குப் பின்னால் தனி நெட்வொர்க்கை அமைத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் கணினி வெளியே போகும். வெளியே இருப்பது உள்ளே வர முடியாது. புதிய ரூட்டரை ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் தீரும். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதற்கு மோடத்தின் வரிசையிலேயே வேறொரு முகவரி கொடுத்து, கணினிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபியை அணைத்துவிட்டு, கேபிளை ‘லேன்’ போர்ட்டில் செருகுங்கள். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி வழங்கும். காலையில் ஓடியது மாலையில் ஓடாது.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் தெரியவில்லையா? ஏதாவது ஒன்று ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சேர்பவர்கள் மற்றக் கணினிகளைப் பார்க்கக் கூடாது என்பதற்காகவே அந்த வசதி இருக்கிறது.

ஒரு கணினியில் மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டுகிறதே?

ரூட்டரிடம் முகவரி கேட்டு, பதில் வராததால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்டது அது. செட்டிங்ஸில் கை வைக்காதீர்கள். கேபிள் செருகும் இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். எரியவில்லை என்றால், நன்றாக ஓடும் கணினியின் கேபிளை இதில் மாட்டிப் பார்த்தால் கோளாறு கேபிளிலா போர்ட்டிலா என்பது தெரிந்துவிடும். எரிகிறது என்றால் ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பக்கத்துக் கணினியை பிங் செய்தால் பதில் இல்லை. கேபிள் போய்விட்டதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. பிங் என்பது ஒரு முகவரியை அழைத்து, பதில் வருகிறதா என்று பார்ப்பது. விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லவே விடாது. முதலில் ரூட்டரின் முகவரியை பிங் செய்யுங்கள். அங்கிருந்து பதில் வந்தால் இந்தப் பக்கக் கேபிள் சரி. பிறகு, நீங்கள் திறக்க விரும்பும் ஃபோல்டர் இருக்கும் கணினியின் செட்டிங்ஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று இருந்தால் ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை இயக்குங்கள். பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ஃபயர்வாலை இரண்டு நிமிடம் அணைத்துச் சோதிக்கலாம், தவறில்லை. வேலை செய்கிறதே என்று அப்படியே விட்டுவிடுவதுதான் ஆபத்து. தனியாக ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம்.

இன்னொன்று: ‘நெட்வொர்க்’ பட்டியலில் கணினியின் பெயர் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபோல்டர் விண்டோவின் மேல்பட்டையில் \\192.168.1.5 என்று நேரடியாகத் தட்டுங்கள். திறந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது, பட்டியல்தான் கோளாறு.

டேலி டேட்டா இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. தினமும் போடும் பின் நம்பரை ஏற்கவில்லை.

ஏற்காது. பின் நம்பர் அந்தந்தக் கணினிக்குள் நுழைய மட்டும்தான். இங்கே கேட்பது, ஃபோல்டர் எந்தக் கணினியில் இருக்கிறதோ அதிலுள்ள கணக்கின் பெயரும் பாஸ்வேர்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க் வழியாக விடுவதில்லை. ஃபோல்டர் இருக்கும் கணினியில் இதற்கென ஒரு லோக்கல் கணக்கைப் பாஸ்வேர்டுடன் தொடங்கிவிடுவது நல்லது. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு தகராறு செய்தால், கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும், நீக்கிவிடுங்கள்.

பழைய எக்ஸ்பி கணினியைப் புதிய விண்டோஸ் பார்க்க மறுக்கிறது. ‘எஸ்எம்பி1’ என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையை இயக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய ‘வான்னாக்ரை’ பரவியது இந்த எஸ்எம்பி1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சேர்ந்து வருவதில்லை. ஒரு பழைய பெட்டிக்காக எல்லாக் கணினியின் கதவையும் திறப்பது புத்திசாலித்தனம் அல்ல. டேட்டாவைப் பென்டிரைவில் எடுத்துப் புதிய கணினிக்கு மாற்றுங்கள்.

ஃபைல் காப்பி ஆக அநியாயத்துக்கு நேரம் பிடிக்கிறதே?

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நாற்காலிச் சக்கரம் ஏறி ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு அறுபடாமல் 100க்கு இறங்கி ஓடக்கூடும். அப்போது நொடிக்குச் சுமார் 12 எம்பிக்கு மேல் நகராது. நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘லிங்க் ஸ்பீட்’ 100 என்று காட்டினால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 100தான் என்றால் சுவிட்சே பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருக்கலாம்.

நேற்று பிரின்ட் எடுத்த பிரிண்டர் இன்று ‘ஆஃப்லைன்’ என்கிறது.

மின்சாரம் போய் வந்ததில் ரூட்டர் அதற்கு வேறு முகவரி கொடுத்திருக்கும். ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டு, கணினிகளில் அந்த முகவரியில் பிரிண்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரிலேயே முகவரியைத் தட்டி வைப்பதைவிட இது மேல். அப்படித் தட்டி வைத்தால், அதே முகவரியை ரூட்டர் யாருடைய செல்போனுக்காவது கொடுத்துவிட வாய்ப்புண்டு.