வாசித்தவர் யார்?

புனே நகரின் சட்டக் கல்லூரிச் சாலையில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இக்காப்பகத்தில் படச்சுருள்களோடு பழைய இசைத்தட்டுகளும் பேணப்படுகின்றன. பழைய இந்தித் திரைப்பாடல்களைக் கேட்கும்போது, குரலுக்குப் பின்னே நீரலைபோல் நடுங்கும் மணியோசை ஒன்று சில வேளைகளில் நம் செவியில் விழும். அது வைப்ரபோன் என்னும் வாத்தியத்தின் ஒலி. வாசித்தவர் யார்? தட்டின் நடுவே ஒட்டிய சீட்டில் பாடியவர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இராது.

ஜலதரங்கத்தில் சுருதியைத் தருவது கிண்ணத்து நீரின் அளவு. வைப்ரபோனிலோ உலோகக் கட்டையின் நீளம் அதைத் தருகிறது. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு குழாய் உண்டு. அதன் வாயிலுள்ள சிறு தகட்டை மின்விசை சுழற்றுகிறது. வாய் மூடித் திறக்க, ஒலி தாழ்ந்து ஓங்குகிறது. 1920-களில் அமெரிக்காவில் உருவான இவ்வாத்தியத்தை, 1930-இல் லூயி ஆம்ஸ்ட்ராங் குழுவின் ஒலிப்பதிவொன்றில் லயனல் ஹாம்ப்டன் வாசித்தார். அதன் பின்னரே ஜாஸ் இசையில் இது தனியிடம் பெற்றது.

1930-களில் அமெரிக்கக் கறுப்பின இசைஞர்கள் பம்பாய்த் தாஜ்மகால் ஓட்டலில் ஜாஸ் வாசித்தனர். அவ்விசையைப் பயின்ற கோவா நாட்டவரும் பார்சிகளும் பின்னர்த் திரைப்பட வாத்தியக் குழுக்களில் அமர்ந்தனர். அவர்களுள் ஒருவர் கெர்ஸி லார்ட். வைப்ரபோன், அக்கார்டியன் முதலிய பலவற்றிலும் வல்லவரான அவர் 2016-இல் மறைந்தார். கிரெகரி பூத் என்னும் ஆராய்ச்சியாளர் இத்தகைய முதிய கலைஞர்களை நேரிற் கண்டு, அவர்கள் நினைவுகளைத் திரட்டி 2008-இல் நூலாக வெளியிட்டார். அவ்வாறு கேட்டறியாதிருந்தால் அப்பெயர்களிற் பல அவர்களோடே மறைந்திருக்கும்.

பொருளும் நிலையானதன்று. 2003-இல் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில், காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பற்றியது. ஒலிப்பதிவு படச்சுருளின் ஓரத்திலேயே அமைந்திருப்பதால், சுருள் எரிந்தால் அதிலுள்ள இசையும் எரியும்.

ஆகவே அரிய தட்டைக் கண்டெடுப்பது பாதி வேலையே. சீட்டை அடுத்துப் பொறித்துள்ள எண், பதிவான காலத்தை அறிய உதவும். பெயரை அறிய மனிதரைத்தான் கேட்க வேண்டும்.

நேயர்கள் இல்லத்தில் 78 சுற்றுத் தட்டுகள் இருக்கலாம். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது, நிறுத்தி வையுங்கள். சாராயம் கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். நவீன ஊசி இதன் அகன்ற பள்ளத்திற்குப் பொருந்தாது. வீட்டு மூத்தோர் எவரேனும், “இதில் வாசித்தவர் இன்னார்” என்று சொன்னால், அப்பெயரை உறையின்மேல் அன்றே எழுதிவிடுங்கள். தட்டை நாளையும் பிரதியெடுக்கலாம். நினைவுக்கோ பிரதி இல்லை.